கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவிலுள்ள கோயில் நிர்வாகங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்

வணக்கம்.

2024 டிசம்பரில் ரொறன்ரோ நகரசபை, உணவுக்குத் தவிக்கும் நிலையை அவசரநிலையாக அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச்சோடு முடிந்த பன்னிரண்டு மாதங்களில் மக்கள், இலவசமாக உணவுப் பொருட்கள் கொடுக்கும் உணவு வங்கிகளுக்கு ஏறக்குறைய 35 இலட்சம் தடவை போயிருக்கிறார்கள். நகரத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் உணவு வங்கியை நம்பியிருக்கிறார். வேலை இல்லாதவர்கள் மட்டுமல்ல, முழுநேர வேலை பார்ப்பவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். வாடகை கட்டிய பிறகு சாப்பாட்டுக்குக் காணாது. நம்மவர்களும் நிற்கிறார்கள்: படிக்க வந்த பிள்ளைகள், பேஸ்மென்ட்டில் குடியிருக்கும் குடும்பங்கள், தனித்துப்போன முதியவர்கள். தெரிந்த முகத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

உங்களுக்குக் கொடுக்கத் தெரியும். 2022இல் இலங்கையில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் அலைந்தபோது, ஊருக்கு உலருணவுப் பொதிகள் அனுப்பப் பணம் சேர்த்தவர்கள் நீங்கள்தான். அதே அக்கறையை நாம் வாழும் இந்த ஊருக்காகவும் கேட்கிறேன்.

தாங்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் காலத்தில் உணவு வங்கிகளுக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து சேரும். கோடையில் அது குறைந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் அந்த மாதங்களில்தான், அங்கே கிடைத்த காலைச் சாப்பாடும் இல்லாமல், பிள்ளைகளின் மூன்று நேரப் பசியும் வீட்டில் இருக்கிறது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை பெரிய காசோலையோடு படம் எடுப்பதைவிட, உணவு வங்கிக்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். சிறிய தொகையானாலும் பரவாயில்லை. மொத்தமாக வாங்கும் உணவு வங்கிக்கு, நாம் கடையில் வாங்கிக் கொடுக்கும் டின்களைவிடப் பணமே கூடுதல் உதவி.

சாமானாகத்தான் கொடுக்க விருப்பம் என்றால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். அரிசி, பருப்பு, டின் மீன், கடலை எல்லாம் நம் வீடுகளில் சமைத்து முடிபவை. திகதி முடிந்த பொருட்களைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அவற்றைப் பிரித்து எறிவதிலேயே தொண்டர்களின் நேரம் போகிறது.

இன்னொன்று. பூசை முடிந்து அறிவித்தல் சொல்லும்போது, அருகிலுள்ள உணவு வங்கியின் முகவரியையும் திறந்திருக்கும் நேரத்தையும் தமிழில் சொல்லுங்கள். நன்கொடை கேட்க அல்ல, தேவைப்படுகிறவர்கள் போகலாம் என்று சொல்ல. கோயிலில் இருந்து அந்த வார்த்தை வந்தால் கூச்சம் பாதி குறையும்.

அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். இந்த வருட இராப்போசன விருந்தின் வரவில் எவ்வளவு ஒதுக்கலாம் என்று அங்கேயே முடிவெடுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவில் வசிக்கும் உங்களில் ஒருவர்