இங்கிலாந்தின் கிராலியில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கீழ்வீட்டு சாகோஸ் பாட்டி, டிவியில் போர் விமானம் வந்தாலே எழுந்துபோய் அணைத்துவிடுகிறார் என்று போன ஞாயிறு போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

1973-ல் எனக்குப் பத்து வயது. உன் தாத்தா இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயி துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடவே இல்லை. கப்பலில் வந்த சனங்கள் இறங்கமாட்டோம் என்று அடம்பிடிக்கிறார்கள், கைக்குழந்தைகளும் இருக்கின்றன என்றார். பிறகுதான் எல்லாம் தெரிந்தது. நமக்குச் சுதந்திரம் தருவதற்கு மூன்று வருஷம் முன்பே, 1965-ல், பிரிட்டன் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டது. அமெரிக்காவுக்கு அந்தத் தீவுகளில் ஒன்றான டியாகோ கார்சியாவில் ராணுவத் தளம் வேண்டும், அதுவும் ஆளில்லாத தீவாக வேண்டும். அதற்காக அங்கே குடியிருந்த சனங்களையெல்லாம் வெளியேற்றினார்கள். அந்தச் சனங்கள் வளர்த்த நாய்களைக்கூட கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்துப் புகைபோட்டுக் கொன்றார்கள். சனங்கள் சுமார் 2,000 கிலோமீட்டர் தாண்டி இங்கே வந்து தகரக் கொட்டகைகளில் கிடந்தார்கள். நஷ்டஈடு கொடுத்தபோது, படிக்கத் தெரியாதவர்களிடம் இங்கிலீஷ் காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். ஊருக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது பலருக்கும் பிறகுதான் தெரியும்.

அந்தத் தளத்திலிருந்துதான் 1991-லும் 2003-லும் ஈராக்குக்கு பி-52 குண்டுவீச்சு விமானங்கள் போயின. 2001-ல் ஆப்கானிஸ்தானுக்கும். இருபது வருஷம் கழித்து அங்கே மறுபடியும் தாலிபான்தான். சாகோஸ் சனங்கள் தென்னை வைத்த மண்ணிலிருந்து அந்த விமானங்கள் கிளம்பிப்போய், முகம் தெரியாத யாரோ ஒரு தாயின் கூரைமேல் குண்டு போட்டன. பாட்டி டிவியை அணைக்காமல் என்ன செய்வார், சொல்?

நம் சனமும் அங்கே மாட்டியது உனக்குத் தெரியுமா? 2021-ல் இலங்கைத் தமிழர்கள் வந்த படகு நடுக்கடலில் பழுதாகி, அவர்களை டியாகோவில் கரையேற்றினார்கள். வேலிக்குள்ளே, எலி ஓடும் கூடாரத்தில் மூன்று வருஷம். பிள்ளைகளும் இருந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள். செய்தி வரும்போதெல்லாம் சாமி விளக்கின் முன்னால் அழுதிருக்கிறேன்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் லீவு கிடைத்தால் தேங்காய்ப்பால் விட்டுக் கோழி சமைத்துப் பாட்டிக்கு எடுத்துக்கொண்டு போ. அவர்கள் ஊரில் அதை செராஸ் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கிரியோல் மொழியில் பேசு, அவசரப்படாதே. 'சாக்ரெ' என்று அவர் சொன்னால் வெறும் வருத்தம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஊர் ஏக்கத்திலேயே செத்துப்போனவர்களைச் சொல்ல அவர்களிடம் இருக்கும் வார்த்தை அதுதான்.

எந்தத் தீவில் பிறந்தார் என்று மெதுவாகக் கேள். பெரோஸ் பான்யோஸ், சலோமோன் என்றால், சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் திருப்பித் தருவதற்காக 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல். அந்தத் தீவுகளில் மறுபடி சனங்களைக் குடியேற்ற அதில் இடம் இருக்கிறது. டியாகோ என்றால் அந்தப் பேச்சையே எடுக்காதே. அந்த ஒப்பந்தத்தில் அதைத் தளத்துக்காக 99 வருஷத்துக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

அம்மா