சூரிய மின்பூங்கா வரட்டும், ஓடையை அடைக்காமல் வரட்டும்

தமிழ்நாடு அரசின் எரிசக்தித் துறை, வருவாய்த் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். கமுதிப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கிறவன் நான். 2016-இல் இங்கே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பத்திரிகைகள் எழுதின. மழை பொய்க்கிற ஊரில் வெயிலுக்காவது விலை கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. நிலக்கரியை எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். என் கேள்வி ஒன்றுதான்: எந்த நிலத்தில் சூரியப் பலகை போடலாம், எதில் கூடாது என்று முடிவு செய்வது யார்?

இன்றைக்கு அதை முடிவு செய்வது நிலத் தரகர்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சூரிய ஒளி மின்திட்டங்கள் சேர்க்கப்படவில்லை. அதனால் முன் அனுமதி வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. மாசு வகைப்பாட்டிலும் இவை வெள்ளை வகை, அதாவது மாசு இல்லாத அளவுக்குக் குறைந்த தொழில். புகை வராத தொழிலுக்கு இது நியாயம்தான். ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். 100 மெகாவாட் என்றால் 400, 500 ஏக்கர். ஒரு சின்ன ஊரின் புஞ்சையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். புகை இல்லை என்பதற்காக அவ்வளவு நிலத்தைப் பற்றி ஊரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

முக்கியமாகத் தண்ணீர். எங்கள் வட்டாரம் கண்மாயை நம்பி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை விழுந்தால் காட்டுத் தண்ணீர் ஓடையில் இறங்கி, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போய்ச் சேரும். இதில் ஓடைப் புறம்போக்கு என்று வருவாய்க் கணக்கில் ஏறியிருப்பது ஒரு பகுதிதான். பட்டா நிலத்தின் மேலேயே சரிந்து ஓடும் தண்ணீர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 500 ஏக்கரைச் சமப்படுத்தி, சுற்றிலும் வேலி போட்டு, உள்ளே சாலையை மேடாக்கினால் அது திசை மாறிவிடும். கீழே இருக்கும் கண்மாய் நிரம்பாது, இல்லாவிட்டால் பக்கத்து மிளகாய்க் கொல்லையில் போய் நிற்கும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களும் மழைத்தண்ணீர் வந்து நிரம்பும் கண்மாய்கள்தான். பறவைகளுக்குப் பெயர்ப்பலகை வைத்தாயிற்று, தண்ணீர் வரும் வழிக்கு யார் பொறுப்பு?

அப்புறம், ஆடு. அறுப்பு முடிந்த கரிசலிலும் தரிசிலும்தான் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுகிறார்கள். பட்டா அவர்கள் பெயரில் இல்லை, அதனால் விற்பனைப் பேச்சில் அவர்களுக்கு இடமும் இல்லை. பணம் நிலக்காரருக்கு, மேய்ச்சல் போனது கீதாரிக்கு. விற்காமல் நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு ஏக்கர்காரர் பாடு அதைவிட மோசம். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு, தலைமுறையாக மாட்டுவண்டி போன பாதை ஒரே வாரத்தில் வேலிக்குள் போய்விட்டது. அந்தப் பாதை எந்த ஆவணத்திலும் இல்லையாம். அவரும் கடைசியில் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டார்.

சரி, என்ன செய்யலாம்? முதலில், நிலம் வாங்கத் தொடங்கும் முன்பே வட்டம் வாரியாக ஒரு வரைபடம் போடுங்கள். ஓடை, கண்மாயின் நீர்ப்பிடிப்பு, மேய்ச்சல் காடு, வண்டிப்பாதை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட மெகாவாட்டுக்கு மேல் போகும் திட்டம் எதுவானாலும் கிராம சபையில் வைத்த பிறகே மின்கட்டமைப்பில் இணைப்பு என்று விதி செய்யுங்கள். இது தொழிலுக்கு எதிரான யோசனை இல்லை. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் என்ற பறவையின் வாழிடத்தைப் பார்க்காமல் திட்டங்கள் வந்தன, பறவைகள் மின்கம்பியில் மோதிச் செத்தன. 2021-இல் உச்ச நீதிமன்றம் மின்கம்பிகளைப் புதைக்கச் சொன்னது, 2024-இல் அந்த உத்தரவைத் திருத்திக் குழு அமைத்தது. முன்கூட்டியே வரைபடம் இருந்தால் முதலீடு செய்தவர்களுக்கும் இந்த அலைச்சல் மிச்சம்.

நிலத்தை விற்றுத்தான் தீர வேண்டும் என்றும் இல்லை. விவசாயிகளுக்காக மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்த பி.எம். குசும் என்ற சூரிய மின் திட்டத்தில், துணைமின் நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயியே அமைக்கலாம், குத்தகைக்கும் விடலாம். பயிர் நிலமானால் பலகையை உயரத் தூக்கி நிறுத்தி அடியில் வெள்ளாமை செய்யவும் அதில் இடம் உண்டு. ஜப்பானில் 2013 முதல் இப்படி அமைப்பவர்கள் விளைச்சல் 20 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனையே போட்டார்கள். நாமும் போடலாம், எங்கள் மானாவாரி நிலத்தில் பலகைக்கு அடியில் என்ன விளையும் என்பதை எங்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்துவிட்டு.

குத்தகை ஒப்பந்தத்துக்கு அரசே ஒரு மாதிரிப் படிவம் தரட்டும். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயர்வு, 25 ஆண்டு கழித்துப் பலகையையும் கான்கிரீட்டையும் எடுப்பது யார் செலவு, அதற்கு முன்வைப்புத் தொகை எவ்வளவு, எல்லாம் அதில் தமிழில் இருக்க வேண்டும்.

வரைவு விதி வெளியிட்டால் அதையும் தமிழில் வெளியிடுங்கள். கருத்துச் சொல்ல 15 நாள் கொடுத்தால் போதாது. புரட்டாசியில் கொடுத்தால் ஒரு மாதமும் போதாது. நாங்கள் விதைப்பில் இருப்போம்.

இப்படிக்கு,
கமுதி வட்டார மானாவாரி விவசாயி ஒருவன்