மெல்பேர்னில் கஞ்சி காய்ச்சப் போகும் பெறாமகளுக்கு

அன்புள்ள குஞ்சு,

பழைய தெய்வங்களையும் இயற்கையையும் கும்பிடுகிற பேகன் மாணவர் வட்டத்தை உன் கல்லூரியில் எப்படி நடத்துவது என்று நீ கேட்டு அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். அதற்கு முதல் நாளே உன் அம்மா போன் எடுத்து அரை மணித்தியாலம் அழுதுவிட்டாள். "அக்கா, பிள்ளை கம்பஸில் சூனியக்காரக் கூட்டத்துக்குத் தலைவியாகிவிட்டாளாம்" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. பேகன் வழிகளில் ஒன்றான விக்கா என்ற சொல்லை எங்கேயோ தமிழில் தேடிப் பார்த்திருக்கிறாள், சூனியம் என்று வந்திருக்கிறது. பில்லி சூனியம் என்றால் எங்கள் ஊரில் அடுப்படியில் கூடச் சத்தமாகக் கதைக்க மாட்டார்கள், அப்படியிருக்க படிக்கிற மகளின் பெயரோடு சேர்த்துக் கேட்டால் எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு படபடக்காது.

இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன்னைப்போல இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் என்னிடம் இதே மாதிரிக் கேட்டிருக்கிறார்கள், ஒருத்தி வவுனியாவில் பம்பைமடுக் கம்பஸில் இருந்து. உன் பெயரையும் உன் கல்லூரியையும் எழுதவில்லை, பயப்படாதே.

முதலில் பேகன் என்ற சொல்லைப் பற்றி. அது லத்தீன் சொல்லில் இருந்து வந்தது, பகானுஸ் என்றால் நாட்டுப்புறத்தான், ஊரான். ரோமப் பேரரசு கிறிஸ்தவத்துக்கு மாறிய நான்காம் நூற்றாண்டில், பழைய தெய்வங்களை விடாமல் கும்பிட்டவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு அது புதுக் கதை இல்லை. பாதிரிமார் எங்கள் ஆட்களை அஞ்ஞானிகள் என்று எழுதினார்கள். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. கண்ணகி சமணக் காப்பியத்துப் பெண், சைவக் கோயிலில் அவளுக்கு என்ன இடம் என்று 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் எதிர்த்தார், அதற்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனையோ கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அவள் கண்ணகியாகவே இருந்தாள். எங்கள் நந்திக்கடல் கரையில் இருக்கிற வற்றாப்பளைக் கோயிலில் இன்றும் அவளுக்குத்தான் பொங்குகிறோம். ஆகவே நாட்டுப்புறத்தான் கும்பிடு என்று யாராவது உன்னைக் கேலி செய்தால் நீ குனிய வேண்டியதில்லை, நீ நந்திக்கடல் கரைப் பிள்ளை.

ஆனால் ஒன்று. "நாங்களும் நீங்களும் ஒன்றுதான்" என்று அந்தப் பிள்ளைகளிடம் சட்டென்று சொல்லிவிடாதே. ஒன்றில்லை. அவர்களுடையது நடுவில் அறுந்துபோன கயிறு, ஆயிரம் வருசத்துக்கு மேல் அறுந்து கிடந்ததை எடுத்து முடிந்துகொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல்தான் நீங்கியது, 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் தன் புத்தகத்தைப் போட்டார், விக்கா வெளியே தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். (அந்த மனிதர் இளவயதில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அதை உன் அம்மாவிடம் சொல், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.) ஐஸ்லாந்தில் 1972இல் சிலர் கூடிப் பழைய தெய்வங்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள், அடுத்த வருசமே அரசு அதை மதமாக ஏற்றது. தலைமை தாங்கியவர் ஆடு வளர்த்த ஒரு கவிஞர். எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடிக்கும், எங்கள் வற்றாப்பளை அம்மன் கிழவி வேடத்தில் வந்தபோதும் முதலில் கண்டவர்கள் மாடு மேய்த்த சிறுவர்கள்தானே. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் 74,000 பேர் தங்களைப் பேகன் என்று எழுதியிருக்கிறார்கள். அறுந்த கயிற்றை முடிகிறவர்களைப் பார்த்து, "இது பழசே இல்லை, போன நூற்றாண்டில் கட்டினது" என்று இளக்காரமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பி, கூரை போன கோயில்களில் எந்த விளக்கு எந்த இடத்தில் இருந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கேட்டு நாங்களும் முடிந்தவர்கள்தான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஒருத்தி ஸ்கண்டிநேவியரின் பழைய தெய்வமான ஓடினை நம்புகிறாள், ஒருவன் அயர்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் தெய்வங்கள் என்கிறான், இன்னொருத்திக்குத் தெய்வமே வேண்டாம், மரமும் மழையும் போதும் என்கிறாள், இவர்களை எப்படி ஒரு வட்டத்தில் இருத்துவது என்று கேட்டாய். நம்பிக்கையை வைத்து இருத்த முடியாது பிள்ளை, வேலையை வைத்து இருத்து.

வற்றாப்பளைப் பொங்கல் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார். பாக்குக் கேட்டு வாங்குகிற பாக்குத்தெண்டல் சடங்கில் தொடங்குகிறது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை கடலுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறார்கள், அந்தக் கடல்நீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் ஏழு நாள் விளக்கு எரிகிறது, பிறகு அங்கே பொங்கல், மறுநாள் திங்களன்று வற்றாப்பளையில் பொங்கல். யார் தண்ணீர் எடுப்பது, யார் விளக்குப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் உரிய ஆள் உண்டு. அவர்களில் யாரையாவது பிடித்து, "கண்ணகி யார், சக்தியா, பத்தினியா, காப்பியப் பெண்ணா" என்று கேட்டுப் பார், நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். பொங்கல் அதனால் நிற்பதில்லை. தண்ணீர் எடுக்கிறவர் வராமல் போனால்தான் நிற்கும்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும், அம்மம்மா அந்த விளக்கைப் பார்க்க என்னைத் தூக்கிப் பிடித்தார். முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலால் பார்த்தேன். திரி பொரிந்து பொரிந்து எரிந்தது, உப்பு வெடிக்கிறது என்று அம்மம்மா காதுக்குள் சொன்னார். பக்கத்தில் வயதான ஒருவர் இருந்து திரியை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தார், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அம்மனின் முகம் மறந்துவிட்டது, அந்த விரல் மறக்கவில்லை, நகத்தின் ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது.

உன் வட்டத்திலும் அப்படி விரல்கள் வேண்டும். நீ ஒருத்தியே எல்லாம் செய்தால், நீ பட்டம் வாங்கிப் போகிற வருசம் வட்டமும் போய்விடும். கம்பஸ் பிள்ளைகளின் ஆயுள் மூன்று நாலு வருசம்தானே. எத்தனை மாணவர் மன்றங்கள் இங்கே அப்படிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன், அலுமாரித் திறப்பு யாரிடம் என்று கூடத் தெரியாமல். முதலாம் வருசப் பிள்ளை ஒன்றிடம் இந்த மாதமே ஒரு வேலையைக் கொடு. விளக்குகளும் துணியும் இருக்கிற பெட்டி ஒருவரிடம், அறைக்கு எழுதிக் கேட்பது ஒருவரிடம், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் ஒருவரிடம். ஒரு கொப்பி வை, ஒவ்வொரு கூட்டத்திலும் என்ன செய்தீர்கள், எது பிழைத்தது என்று எழுதுங்கள். தேத்தண்ணீர் வேலையைச் சின்னதாக நினைக்காதே, புதிதாக வந்து சுவரோரமாக நிற்கிற பிள்ளையிடம் முதலில் கதைக்கப் போவது அந்த ஆள்தான்.

நிருவாகத்திடம் எதையும் எழுத்தில் கேள். பயந்து பயந்து கேட்காதே. அமெரிக்காவில் மேற்கு வேர்ஜீனியாவின் மார்ஷல் பல்கலைக்கழகம் 2007இலேயே பேகன் மாணவர்கள் தங்கள் பண்டிகைக்கு விடுப்பு எடுக்க இடம் கொடுத்தது. கொலராடோவில் விமானப்படைக் கல்லூரியில் 2011இல் இவர்களுக்கென்று மலையில் கல் வட்டமே அமைத்துக் கொடுத்தார்கள். விமானப்படைக்கே முடிந்தது உன் கல்லூரிக்கு முடியாதா?

படம் எடுப்பதில் கவனம். உன் வட்டத்தில் வீட்டுக்குச் சொல்லாமல் வருகிற பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள், கடுமையான சபைக் குடும்பத்துப் பிள்ளைகள், படிப்புச் செலவுக்குத் தகப்பனை நம்பியிருக்கிற பிள்ளைகள். முகம் தெரிகிற ஒரு படம் வெளியே போனால் ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுவிடலாம். கேட்காமல் எடுக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு.

அடுத்தது இதைவிடப் பெரிது. வெளியில் இருந்து வயதில் மூத்த ஒருவர் வந்து, நான் குரு, எனக்கு இரகசியம் தெரியும், இந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாகத் தீட்சை கொடுக்கப் போகிறேன் என்றால் அந்த இடத்திலேயே கதவைக் காட்டு. மரியாதை, பண்பு என்று யோசித்து நிற்காதே. எங்கள் கோயில்களில் உருவந்து ஆடுகிறவரைப் பார்த்திருப்பாய். அவரைச் சுற்றி ஊரே நிற்கும், விழுந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் பின்னால் நிற்பார்கள், ஒரு கிழவி கையில் செம்புத் தண்ணீரோடு நிற்பாள். தெய்வம் வருவதென்றாலும் ஆட்களுக்கு நடுவில்தான் வரும். கதவைச் சாத்திக்கொண்டு வருவதை நான் நம்ப மாட்டேன்.

உன் வட்டத்துப் பிள்ளைகள் காளி படத்தை மேசையில் வைத்துவிட்டு, நீ தமிழ்ப் பிள்ளைதானே, மந்திரம் சொல்லித் தா என்று கேட்டார்களாம். உனக்கு மந்திரம் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாது என்றே சொல். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் முற்றத்துப் பூவைப் பிடுங்கக்கூடாது என்பதை அவர்களுக்கு நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததைக் கொடு. பொங்கத் தெரியும். கோலம் போடத் தெரியும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எந்தப் பெரிய வாகனமும் நின்று தேங்காய் உடைத்துப் போவதையும், அம்மா உனக்குக் கச்சான் சரை வாங்கித் தந்ததையும் சொல்லத் தெரியும். அது போதும்.

அப்புறம் உங்கள் பண்டிகைகளின் வரிசையான ஆண்டுச் சக்கரம். அதிலுள்ள எட்டுப் பண்டிகைகளும் இங்கிலாந்துக் காலநிலைக்கு வகுத்தவை, அங்கே குளிர் தொடங்குகிற ஒக்டோபர் 31இல் இறந்தவர்களுக்கான சவின் வருகிறது. உங்கள் பக்கம் அப்போது வசந்தம். அதனால் நீங்கள் சக்கரத்தைத் திருப்பி வைத்து, சவினை ஏப்ரல் கடைசியில் கொண்டாடுகிறீர்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அது சரியாகப் பட்டது. காலிலுள்ள மண்ணைக் கேட்டுத்தானே கும்பிட வேண்டும், மாரி மழை பெய்யாமல் எங்கள் குளத்து ஐயனாருக்கு ஏது பொங்கல். டிசெம்பரில் வருகிற நடுக்கோடைப் பண்டிகைக்கு மட்டும் வெளியே நெருப்பு மூட்டாதே, அங்கே தீத்தடை நாட்களில் அது பெரிய குற்றம், காடு பற்றினால் என்னாகும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஏப்ரல் கடைசிக் கூட்டத்துக்கு, இறந்தவர்களுக்கான சாப்பாடு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு முறைப்படி கொண்டுவர வேண்டும் என்று முடிவாகியதாகவும், கஞ்சி காய்ச்சட்டா பெரியம்மா என்றும் கேட்டாய். உன் பதிவில் அந்த இடத்தில் உன் குரல் இறங்கிவிட்டது. மே மாதம் தொடங்க ஒரு நாள்தான் இருக்கும், நாங்களும் இங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கு அரிசி சேர்த்துக்கொண்டிருப்போம்.

2009இல் முள்ளிவாய்க்காலில், போரின் கடைசி நாட்களில், உனக்கு நான்கு வயது. கஞ்சி வரிசையில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது நான்தான், உன் அம்மாவுக்குக் கால் ஏலாது. பால்மா ரின் மூடியில் ஊற்றித் தந்தார்கள். சீனி போடு, சீனி போடு என்று அழுதாய். சீனி எங்கே இருந்தது. நான் விரலால் கிண்டிக்கிண்டி, இப்போது சீனி கரைந்துவிட்டது, குடி என்றேன். நீ நம்பிக் குடித்தாய். அதை இத்தனை வருசம் உனக்குச் சொன்னதில்லை.

காய்ச்சு. ஆனால் கொடுப்பதற்கு முதல் அது என்னவென்று சொல்லிவிட்டுக் கொடு, சொல்லாமல் கொடுத்தால் அது வெறும் சோற்றுத் தண்ணீர். சொல்லும்போது அழுகை வந்தால் வரட்டும். உன் அம்மாவையும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போ. கூப்பிட்டால் வருவாள், வாசலில் நின்று முறைப்பாள், பானையைக் கண்டதும் உள்ளே வந்து அகப்பையை உன்னிடமிருந்து பறிப்பாள், எனக்கு அவளைத் தெரியும்.

இருபது பேருக்கு ஒரு கிலோ அரிசி போதும். சிவப்புப் பச்சை அரிசி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் எதுவும் சரி. தண்ணீரைத் தாராளமாக விடு, குழைய விடு, கடைசியில் உப்பு. தேங்காய்ப் பால் விடாதே, பயறு போடாதே, யாராவது ருசிக்கு ஏதாவது போடலாமா என்று கேட்டாலும் வேண்டாம். சீனி கேட்டால் என் கதையைச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா
முள்ளியவளை