‘ஃப்ரெஷர் தேவை, 2 வருட அனுபவம் அவசியம்’: ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெப் டெவலப்பர் வேலைக்கு ஆள் எடுக்கும் ஹெச்.ஆர்., டீம் லீட், மேனேஜர் எல்லோருக்கும் வணக்கம்.

முதல் வேலை தேடுகிறவர்கள் உங்கள் விளம்பரங்களை எனக்கு அனுப்பி, “இதற்கு அப்ளை பண்ணலாமா?” என்று கேட்கிறார்கள். திறந்து பார்த்தால் மேலே ஃப்ரெஷர் என்று இருக்கிறது, கீழே 2 வருட அனுபவம் கேட்கிறீர்கள், அதற்கும் கீழே ரியாக்ட், ஆங்குலர், வியூ மூன்றும் தெரிந்திருக்க வேண்டுமாம். மூன்றும் வெப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கட்டும் கருவிகள், கிட்டத்தட்ட ஒரே வேலைக்கானவை. உங்கள் டீம் எதைப் பயன்படுத்துகிறதோ அதை மட்டும் எழுதினால் என்ன? 2020-இல் ஒரு விளம்பரம் சர்வர் பக்க வேலைக்கான ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் கருவியில் 4 வருட அனுபவம் கேட்டது. அதை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், தன்னாலேயே அப்ளை பண்ண முடியாது, உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்று ட்விட்டரில் போட்டார். எல்லோரும் சிரித்தோம், விளம்பரங்கள் மாறவில்லை.

சரி, தப்பித் தவறி இன்டர்வியூ வரை வந்துவிட்டவரிடம் பைனரி ட்ரீயை, அதாவது தகவலை இரண்டிரண்டு கிளைகளாக அடுக்கும் பாடப்புத்தக அமைப்பை, இடம் வலமாகப் புரட்டிப் போடச் சொல்கிறீர்கள். சேர்ந்த பிறகு அவர் தலையில் வந்து விழப்போவது என்ன? சப்மிட்டை இரண்டு முறை தட்டினால் ஆர்டரும் இரண்டாகப் பதிவாகிறது, குரோமில் ஒழுங்காகத் தெரியும் பக்கம் சஃபாரியில் கலைந்து கிடக்கிறது, பக்கத்தின் தோற்றத்தை முடிவு செய்யும், யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரியைத் தொட்டால் வேறொரு பக்கத்து மெனு காணாமல் போகிறது. இந்த வேலைக்கு வேண்டியது அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமைப் பொறுமையாகப் படிப்பது, பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து 404 (கேட்டது அங்கே இல்லை) வந்ததா 500 (சர்வரிலேயே கோளாறு) வந்ததா என்று பார்த்து எங்கே தேடுவது என்று முடிவெடுப்பது. பட்டன் வர வேண்டிய இடத்தில் டிவ் என்ற வெறும் பெட்டியைப் போட்டு கிளிக்கை மட்டும் கட்டிவிட்டால், மவுஸ் இல்லாமல் டேப் கீயைத் தட்டித் தட்டிப் போகிறவருக்கு அது எட்டவே எட்டாது என்று ஒரு ஃப்ரெஷர் சொன்னால், நானாக இருந்தால் அங்கேயே எடுத்துவிடுவேன். இதை யாரும் கேட்பதில்லை. பல சீனியர்களுக்கே தெரியாது என்பது வேறு கதை.

அதனால், உடைந்த சின்னப் பக்கம் ஒன்றைக் கொடுத்து ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். கூகுள் பார்க்கட்டும், எம்டிஎன் என்ற வெப் டெவலப்பர் கையேட்டுத் தளத்தைப் பார்க்கட்டும், வேலையில் நாம் எல்லோரும் பார்க்கிறோமே. முதலில் எதைத் திறக்கிறார், புரியாதபோது என்ன கேட்கிறார் என்று கவனித்தாலே ஆளைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அசைன்மென்ட் பற்றியும் சொல்ல வேண்டும். லாகின், டாஷ்போர்டு, பேமென்ட் எல்லாம் வைத்து முழு ஆப்பே கேட்கிறீர்கள், அவர் தூக்கத்தைக் கெடுத்து முடித்து அனுப்பினால் ‘இல்லை’ என்று ஒரு வரி மெயில்கூட வருவதில்லை. பெரிய வேலை வாங்கினால் காசு கொடுங்கள், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்தில் முடிகிற மாதிரி சுருக்குங்கள்.

ஏஐ எழுதிவிடுகிறதே, ஜூனியர் எதற்கு என்பவர்களிடம் ஒன்றே ஒன்று: அது எழுதியதில் தப்பு பிடிக்கத் தெரிந்த சீனியர்கள் எங்கிருந்து வருவார்கள்?

அடுத்த விளம்பரத்தைப் போடும் முன் உங்கள் டீமில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் காட்டி, முதல் 3 மாதத்தில் இதில் எதெல்லாம் தேவைப்பட்டது என்று கேளுங்கள். மற்றதை அடித்துவிடுங்கள். அப்புறம், சம்பளம் எவ்வளவு என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.