உப்புத்தண்ணியும் நம்ம முட்டியும்

அன்புள்ள ராஜி,

உன் லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு, உடனே பதில் போடலன்னு கோச்சுக்காத. முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கலாமா, ஜவ்வு திரும்ப வளருமான்னு நீ கேட்டிருந்ததுக்கு சும்மா "எல்லாம் சரியாயிடும்டி"ன்னு ரெண்டு வரி எழுதிப் போட மனசு வரல, அதான் கொஞ்சம் படிச்சுட்டு உக்காந்தேன். பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான்னு படிச்சதும் அவ்வளவு சந்தோஷம். ஆனா அடுத்த வரியிலயே பாட்டி நடக்குறத நிறுத்திட்டேன்னு எழுதியிருக்க பாரு, தூக்கிவாரிப் போட்டுச்சு. எக்ஸ்ரே பாத்துட்டு கிரேடு மூணு, நல்லா தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாராம், இருக்குற மிச்சத்தையாவது பத்திரமா வச்சுக்கணும்னு நீ மாடிப்படி, சாயங்கால வாக்கிங் எல்லாத்தையும் விட்டுட்டியாம். அடிப்பாவி.

திட்டுறேன்னு நினைக்காத, நானே இதைப் பண்ணவ தான். நாலு வருஷம் முன்னாடி என் வலது முட்டிக்கு இதே வார்த்தைய சொன்னாங்க. எட்டு மாசம் பூப்போல கால வச்சு நடந்தேன், முடிஞ்ச வரைக்கும் உக்காந்தே இருந்தேன். கடைசில பிசியோகிட்ட போனப்போ அந்தப் பொண்ணு டேப் வச்சு ரெண்டு தொடையையும் அளந்து பாத்துட்டு, "ஆன்ட்டி முட்டிய காப்பாத்துறேன்னு தொடைய தொலைச்சுட்டீங்களே"ன்னா. வலது தொடை இடது தொடைய விட ஒல்லியாகி இருந்துச்சுடி, எனக்கு ஒரே அவமானம்.

எனக்கு இந்த "தேய்மானம்"ங்கிற வார்த்தை மேல தான் கோபமே. செருப்பு தேயும், டயர் தேயும், அதையெல்லாம் உபயோகிக்காம எடுத்து வச்சா மிச்சமாகும், அதே கணக்க நாம முட்டிக்கும் போட்டுடறோம். முட்டி உயிருள்ள சமாச்சாரம். நாம ஜவ்வு ஜவ்வுன்னு சொல்றோமே அந்த குருத்தெலும்பு, அதுல ரத்தக்குழாயே கிடையாது, பெரும்பகுதி தண்ணி, நடுவுல அங்கங்க கொஞ்சம் செல். அந்த செல்லுக்கெல்லாம் சத்து மூட்டுக்குள்ள இருக்குற திரவத்துலேர்ந்து தான் ஊறி வரணும், நீ கால ஊனும்போது அழுத்தம் விழுந்து எடுக்கும்போது விடுபட்டு, அப்படி மாறி மாறி நடந்தா தான் அந்தப் போக்குவரத்து நல்லா நடக்கும். அதாவது நீ நடக்கலேன்னா அது பட்டினி. அதோட இந்த வியாதி வெறும் உரசல்ல வர்றதும் இல்லையாம், உள்ள இருக்குற என்சைம்கள் ஜவ்வ அரிக்குது, சுத்தி இருக்குற படலம் வீங்குது, அடியில இருக்குற எலும்பு தடிச்சு முள்ளு முள்ளா வளருது, பக்கத்துல இருக்குற சதை சோந்து போகுது, மொத்த மூட்டுக்கே வர்ற கோளாறு இது. டாக்டர் சொன்னதுல பொய் இல்ல, ஆனா தேஞ்சு போச்சுன்னு ஒத்த வார்த்தையில சொல்லி அனுப்பினா நம்ம மண்டைக்குள்ள டயர் தான் வந்து நிக்கும்.

அப்புறம் உன் எக்ஸ்ரே. இந்த கிரேடு போடுற முறை கெல்க்ரன், லாரன்ஸ்னு ரெண்டு பேர் 1957ல கொண்டு வந்தது, பூஜ்யத்துலேர்ந்து நாலு வரைக்கும். அது எலும்போட நிழல பாத்து போடுற மார்க், வலிய பாத்து போடுற மார்க் இல்ல. கிரேடு மூணு இருந்தும் பெருசா வலி இல்லாம நடமாடுறவங்க இருக்காங்க, எக்ஸ்ரே சுத்தமா இருந்தும் வலியில துடிக்கிறவங்க இருக்காங்க. ஜவ்வுல நரம்பே இல்லங்கறப்போ வலி அதுலேர்ந்து எப்படி வரும், எலும்பு, படலம், சுத்தியிருக்குற சதை இங்கேர்ந்து தான் வருது. ஸ்கூல்ல மார்க் கம்மியா வாங்கிட்டு நாம நல்லா வாழலையா என்ன.

ஜவ்வு திரும்ப வளருமான்னு கேட்டிருந்த. வில்லியம் ஹண்டர்னு ஒருத்தர் 1743லயே எழுதி வச்சுட்டாராம், ஜவ்வு ஒரு தடவ அழிஞ்சா திரும்பறதில்லன்னு. நம்ம காலத்துல இத நிரூபிச்ச விதம் தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. 1950கள், 60கள்ல அணுகுண்டு சோதனை எக்கச்சக்கமா பண்ணாங்கல்ல, அப்போ காத்துல கார்பன் 14ங்கிற கதிரியக்கக் கார்பன் ஏகத்துக்கும் ஏறிடுச்சு, செடி வழியா சாப்பாட்டுல வந்து அந்தக் காலத்து ஜனங்க எல்லார் உடம்புலயும் பதிஞ்சுடுச்சு. அத ஒரு தேதி முத்திரை மாதிரி வச்சு முட்டி ஜவ்வுல இருக்குற கொலாஜன்ங்கிற நார்ப் புரதம் எந்த வருஷத்துல உருவானதுன்னு டென்மார்க்ல கணக்கு போட்டாங்க, 2016ல வெளியாச்சு. வளர்ற வயசுல போட்ட கொலாஜன் தான், அதுக்கப்புறம் கிட்டத்தட்ட புதுசா சேரவே இல்ல, மூட்டு வியாதி இருந்தவங்களுக்கும் அதே கதை தான். யோசிச்சு பாருடி, நாம ஒரே பெஞ்சுல உக்காந்து ஒரே டெஸ்க்கு மேல பேர கிறுக்கினோமே, அப்போ உருவான அதே சரக்க தான் இன்னிக்கும் ரெண்டு பேரும் முட்டிக்குள்ள வச்சிருக்கோம். இத படிச்சப்போ எனக்கு என்னமோ பண்ணுச்சு.

அதுக்காக ஆராய்ச்சிக்காரங்க சும்மா இல்ல. ஸ்ப்ரிஃபெர்மின்னு ஒரு வளர்ச்சிப் புரதத்த ஊசியா போட்டு 549 பேர்கிட்ட சோதிச்சாங்க, 2019ல ரிசல்ட் வந்துச்சு, அதிக டோஸ்ல ஜவ்வு தடிமன் நிஜமாவே துளி கூடுச்சு, ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு அளவுக்கு. ஆனா வலி? மருந்தே இல்லாத சும்மா ஊசி போட்டவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் தெரியல. அதனால ஜவ்வ வளக்குறேன்னு யாராவது சொன்னா, வளந்தா எனக்கு வலி குறையுமான்னு அடுத்த கேள்விய கேட்டுடு.

இப்போ உன் மெயின் கேள்விக்கு வரேன், பிஆர்பி ஊசி போட்டுக்கலாமான்னு. உன் ரத்தத்தையே எடுத்து சுத்தி, அதுல பிளேட்லெட், அதான் ரத்தத்த உறைய வைக்கிற அணுக்கள், நிறைய இருக்குற பகுதிய முட்டிக்குள்ள போடுவாங்க. கேக்க ரொம்ப நல்லா தான் இருக்கு, நம்ம ரத்தம் நம்மள காப்பாத்தும்னு. ஆஸ்திரேலியால 288 பேர வச்சு பெரிய சோதனை ஒண்ணு நடத்தி 2021ல வெளியிட்டாங்க, பாதி பேருக்கு பிஆர்பி, பாதி பேருக்கு வெறும் உப்புத்தண்ணி, யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. பன்னெண்டு மாசம் கழிச்சு பத்துக்கு இத்தனைன்னு வலிய அளந்தா பிஆர்பில 2.1 குறைஞ்சிருக்கு, உப்புத்தண்ணில 1.8 குறைஞ்சிருக்கு. அந்த வித்தியாசத்த வித்தியாசம்னே சொல்ல முடியாது. ஜவ்வு குறையறதும் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணு தான். இது லேசானதுலேர்ந்து நடுத்தரம் வரைக்கும் மூட்டு வியாதி இருக்கறவங்ககிட்ட பண்ணது, உன்ன மாதிரி கிரேடு மூணும் அதுல இருந்தாங்க.

ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். 2017ல வந்த சோதனை, 140 பேர், பன்னெண்டு வாரத்துக்கு ஒரு ஊசின்னு ரெண்டு வருஷம், இங்கயும் எதிர் பார்ட்டி உப்புத்தண்ணி. வலில ஜெயிக்கல, அதோட ஜவ்வு 0.21 மில்லிமீட்டர் குறைஞ்சிருக்கு, உப்புத்தண்ணிக்காரங்களுக்கு 0.10 தான். ஆனா நான் பொய் சொல்லக்கூடாது, எனக்கு ஒரு தடவ முட்டி வீங்கி நீர் கோத்துக்கிட்டப்போ அந்த ஊசி தான் போட்டாங்க, அஞ்சாறு வாரம் சொர்க்கம். அந்த சோதனைல மூணு மாசத்துக்கு ஒரு தடவ தான் வலிய கேட்டாங்க, நடுவுல கிடைக்கிற அந்த அஞ்சாறு வார நிம்மதி அதுல மாட்டாது. அதனால எப்பவாவது ஒண்ணு போட்டா குத்தம் இல்ல, சந்தா கட்டின மாதிரி வருஷத்துக்கு நாலுன்னு போட்டுக்கிட்டே இருக்கறது தான் சரி இல்லன்னு எனக்கு படுது. குளுக்கோசமைன் மாத்திரை நீ ரெண்டு வருஷமா முழுங்குறல்ல, அதுக்கும் 2006ல 1583 பேர வச்சு பாத்துட்டாங்க, சும்மா மாத்திரை சாப்பிட்டவங்கள்லயே நூத்துக்கு அறுபது பேருக்கு வலி குறைஞ்சுடுச்சு, குளுக்கோசமைன்ல அறுபத்தி நாலு. போதுமா?

நூத்துக்கு அறுபது! முப்பது வருஷம் ஸ்டாடிஸ்டிக்ஸ் சொல்லிக் குடுத்தவ, எனக்கு இது தான் கண்ண உறுத்துச்சு. கொஞ்சம் நம்பிக்கையால குறையுது, ஒத்துக்கறேன். ஆனா இன்னொண்ணு இருக்கு. இந்த வலி ஏறி இறங்கி ஏறி இறங்கி போற வலி, நாம டாக்டர்கிட்ட ஓடுறது அது உச்சில நிக்கும்போது, உச்சிக்கு போனது தானாவே கொஞ்சம் இறங்கும், இறங்குறப்போ நடுவுல எத பண்ணோமோ அதுக்கு பேர் போயிடும். தைலம்னா தைலத்துக்கு, ஊசின்னா ஊசிக்கு. அதனால தான் உப்புத்தண்ணிய எதிர்ல நிக்க வைக்காம எந்த வைத்தியத்தையும் நான் நம்பறதில்ல.

இதுல உச்சகட்ட கதை ஒண்ணு இருக்கு, இத உன் வீட்டுக்காரருக்கும் படிச்சு காட்டு, அவர் தானே முட்டிக்குள்ள லென்ஸ் விட்டு பாத்து கழுவி விடுவாங்களாம்னு சொல்லிட்டு இருந்தார். அமெரிக்கால ஹூஸ்டன்ல மோஸ்லின்னு ஒரு சர்ஜனும் அவர் குழுவும் 180 பேர்கிட்ட பண்ணது, 2002ல வந்துச்சு. மூணு பிரிவு. ஒரு பிரிவுக்கு முட்டிய உள்ள கழுவி விட்டாங்க, இன்னொண்ணுக்கு கழுவி, பிசிறு எல்லாம் செதுக்கி எடுத்தாங்க, மூணாவது பிரிவுக்கு நாடகம். நிஜமாவே நாடகம்டி! அரை மயக்கத்துக்கு மருந்து குடுத்து, தோல்ல மூணு சின்ன கீறல் போட்டு, சர்ஜன் அந்த கருவி குடு இந்த கருவி குடுன்னு கேட்டு, கால மடக்கி நீட்டி, கழுவுற சத்தம் கேக்கணும்னு தண்ணிய கூட சளசளன்னு ஊத்தி, ராத்திரி ஆஸ்பத்திரில தங்க வச்சு அனுப்பினாங்க, முட்டிக்குள்ள ஒண்ணுமே பண்ணல. இப்படி நடக்கலாம்னு முன்னாடியே சொல்லி கையெழுத்து வாங்கிட்டு தான், கூப்பிட்டவங்கள்ல 144 பேர் ஆள விடுங்கன்னு போயிட்டாங்களாம், நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். ரெண்டு வருஷம் பாத்தாங்க, நிஜ ஆபரேஷன் பண்ணவங்க நாடகக்காரங்கள விட எந்த கட்டத்துலயும் மேல போகல. அதுல ஏறக்குறைய எல்லாருமே ஆம்பளைங்க, முன்னாள் ராணுவத்தினர், அது ஒரு குறை தான், நம்ம முட்டிய யாரு கேட்டா. ஆனா 2008ல கனடாலயும் பண்ணாங்க, இந்த தடவ நாடகம் இல்ல, பிசியோவும் மருந்தும் மட்டும் ஒரு பக்கம், அதோட ஆபரேஷனும் சேத்து இன்னொரு பக்கம், அதுலயும் ஆபரேஷனால கூடுதலா ஒண்ணும் வரல. பொம்பளைங்க நிறைய பேர் இருந்த சோதனை அது.

வலிய மட்டும் அமுக்கினா என்ன ஆகும்ங்கிறதுக்கும் ஒரு கதை இருக்கு. டனேசுமாப்னு ஒரு மருந்து, வலி நரம்ப தூண்டுற ஒரு புரதத்த போய் பிடிச்சுக்கும், வலி நல்லாவே குறைஞ்சுது, ஆனா சில பேருக்கு மூட்டு வேகவேகமா நொறுங்கிப் போச்சு. 2010ல சோதனையையே நிறுத்தினாங்க, அப்புறம் டோஸ் குறைச்சு திரும்ப ஆரம்பிச்சாங்க, 2021ல அமெரிக்க ஆலோசனைக் குழு 19க்கு 1ன்னு வேண்டாம்னுடுச்சு. எனக்கு பாவமா தான் இருந்துச்சு, வலில இருக்கறவங்க எவ்வளவு எதிர்பாத்திருப்பாங்க.

அப்போ எது தான் வேலை செய்யுதுன்னு கேப்ப. போர் அடிக்கிற விஷயம் தான்டி. தொடை சதைக்கு உடற்பயிற்சி, எடை. ஒரு கிலோ குறைச்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டில விழற பாரம் நாலு கிலோ குறையுதுன்னு அளந்து பாத்திருக்காங்க. 454 பேர ஒண்ணரை வருஷம் வச்சு பாத்த சோதனைல சாப்பாட்டு கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேந்து பண்ணவங்களுக்கு தான் ரெண்டுல ஒண்ண மட்டும் பண்ணவங்கள விட வலி கம்மி. இப்போ எடை குறையறதுக்கு வாராவாரம் போடுற அந்த செமாக்ளுடைடு ஊசியையும் ரொம்ப குண்டா இருக்குற மூட்டுவலிக்காரங்க 407 பேர்கிட்ட பாத்தாங்க, 2024ல வந்துச்சு, 68 வாரத்துல எடை சராசரியா 13.7 சதவீதம் போச்சு, நூறு புள்ளி வலி கணக்குல 41.7 இறங்குச்சு, சும்மா ஊசிக்காரங்களுக்கு 27.5. நம்ம சும்மா ஊசி இங்கயும் மானத்தோட தான் தோத்திருக்கு! உனக்கு அந்த அளவு எடை இல்ல, அதனால இது உனக்கு இல்ல, உன் நாத்தனாருக்கு வேணா டாக்டர்கிட்ட கேக்கலாம். வலி படுத்துற நாள்ல டைக்ளோஃபெனாக் ஜெல் தடவு, மாத்திரையா முழுங்கறத விட வயித்துக்கு நல்லது.

மூட்டு மாத்துற ஆபரேஷனுக்கு நான் எதிரி இல்ல, அத தப்பா எடுத்துக்காத. அது நிஜமாவே வேலை செய்யுற வைத்தியம். 2015ல டென்மார்க்காரங்க மூட்டு மாத்தறதுக்கு தகுதியான நூறு பேர பிரிச்சு, அம்பது பேருக்கு மாத்தி பிசியோவும் குடுத்தாங்க, அம்பது பேருக்கு பிசியோ வகையறா மட்டும். மாத்தினவங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு முன்னேற்றம், ஆனா ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறையறது, மூட்டு இறுகறது மாதிரி பெரிய தொந்தரவும் அவங்களுக்கு தான் ஜாஸ்தி. மாத்தாதவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள போய் மாத்திக்கிட்டது 13 பேர் தான், மீதி 37 பேர் இப்போதைக்கு வேணாம்னு இருந்துட்டாங்க. ராத்திரி தூக்கம் கெட்டு, நாலு அடி வைக்க முடியாத நிலைமை வந்தா நானே உன்ன கூட்டிட்டு போவேன். நீ இன்னும் அங்க வரல, பேரன் பின்னாடி ஓடுறதா நீயே எழுதியிருக்க.

சரி, என் சமாச்சாரம். காலைல சேர்ல உக்காந்து கைய ஊனாம எழுந்திரிக்கிறது பத்து தடவ, கால நீட்டி தூக்கி அஞ்சு எண்ணி இறக்குறது ரெண்டு காலுக்கும், அப்புறம் அரை மணி நடை. முதல் மூணு வாரம் வலி கொஞ்சம் கூடுச்சு, அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லியிருந்தா, மறுநாளைக்குள்ள அடங்கிடுற வலின்னா பயப்படாதீங்க, அடங்கலேன்னா எண்ணிக்கைய குறைங்கன்னு. இப்போ தொடை அளவு ரெண்டும் கிட்டத்தட்ட சரி. மாடி ஏற இன்னும் கைப்பிடி வேணும், அது போகாது போல. கண்ணாடி பவர் ஏறிடுச்சு, பல்லு ஒண்ணு எடுத்தாச்சு, மத்தபடி சௌக்கியம்.

ஒரு மணி நேரமா உக்காந்து எழுதினதுல முட்டி இறுகிப் போச்சு, எழுந்து நாலு நடை நடக்கணும். நீ அந்த பிஆர்பி ஊசிக்கு தேதி வாங்கிட்டியா இல்லையான்னு மட்டும் முதல்ல ஒரு வரி எழுது, அப்புறம் ஒரு டேப் எடுத்து தொடைய அளந்து அதையும் எழுது.

உன்
சுசீலா