பலா மரம் யாருக்குச் சொந்தம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். இன்று கல்லறைத் திருநாள். காலையிலிருந்தே தூறல். தாத்தா கல்லறையில் புல்லைப் பிடுங்கி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். மூன்று முறை அணைந்துவிட்டது. உன் அம்மா குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நான்காவது முறை ஏற்றினாள்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பண்ருட்டிப் பக்கம் மனை போடுகிறவர்கள் நல்ல விலை தருகிறார்களே, முந்திரித் தோப்பை வைத்துக்கொண்டு இந்த வயதில் ஏன் அல்லாடுகிறீர்கள் என்றாய். நீ கேட்டதில் தப்பில்லை. பதில் நேற்றுப் பூசையில்தான் எனக்குப் பிடிபட்டது.

நேற்று சகல புனிதர் திருவிழா. வருஷா வருஷம் நவம்பர் 1 அன்று வாசிப்பது மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரம்தான். "கனிவுடையோர் பேறுபெற்றோர், ஏனெனில் அவர்கள் நாட்டை உரிமைச் சொத்தாக்கிக் கொள்வர்." வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவின் பழைய பைபிளை எடுத்துப் பார்த்தேன், அவள் லுத்தரன் சபை (புராட்டஸ்டன்ட்) வீட்டுப் பெண்ணாயிற்றே, அவர்களுடைய மொழிபெயர்ப்பு வேறு. அதில் சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் "சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். தாத்தா காலத்தில் களத்தில் நெல் தூற்றி முடித்ததும் ஊர்த் தொழிலாளிகளுக்கு அளந்து போடும் பங்குக்கும் சுதந்திரம் என்றுதான் பேர். அதை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. உன் பங்கு இது, வந்து வாங்கிக்கொள் என்று கூப்பிட்டுக் கொடுப்பது. "பேறுபெற்றோர்" என்று ஆண்டவர் சொல்லும் இந்தப் பேறுகள் என்றாலே மோட்சத்தைப் பற்றியவை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்த மண்ணையே களத்து நெல் மாதிரி அளந்து தருவதாக ஆண்டவர் சொல்லியிருப்பது இத்தனை வருஷமாக என் காதில் விழவில்லை.

அப்புறம்தான் 'தானே' என்று பேர் வைத்த அந்தப் புயல் ஞாபகம் வந்தது. 2011 டிசம்பர் 30. நீ அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. விடிந்து தோப்புக்குப் போனால் முந்திரி மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கிணற்றோரத்துப் பெரிய பலா வேரோடு விழுந்திருந்தது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, அப்போது என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அடிமரம் மிருதங்கக் கட்டைக்குப் போகும், என்ன விலை கேட்கலாம் என்று.

அப்போதுதான் கொட்டை பொறுக்க வரும் மேலத்தெரு ஆயா வந்தாள். அவள் வீட்டுக் கூரையே ராத்திரி பறந்து போயிருந்தது. எங்களுக்குத் தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டு வந்திருந்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு மரத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முறிந்த கிளையிலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. முந்திரி ஓட்டுப் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்களால் முந்தானையைப் பிடித்து அதைத் துடைத்தாள், அடிபட்ட பிள்ளைக்குத் துடைப்பது மாதிரி. "இதுலதான்யா என் மூணு புள்ளைக்கும் தூளி கட்டினேன்" என்றாள். பிறகு அழுதாள்.

பட்டா என் பேரில் இருந்தது. ஆனால் அந்த மரம் யாருக்குச் சொந்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏழ்மை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. லூக்கா "ஏழைகளே, நீங்கள் பேறுபெற்றோர்" என்றே எழுதியிருக்கிறார். அதைக் காட்டி ஆயாவின் கூரையில்லாத வீட்டை யாராவது புகழ்ந்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் மத்தேயு சொல்லும் "ஏழையரின் உள்ளத்தோர்" யார் என்று கேட்டால், இருந்த கஞ்சியில் பாதியை எங்களுக்குக் கொண்டுவந்த அந்தக் கையைத்தான் காட்டுவேன். நான் முப்பது வருஷம் அந்தத் தோப்பை வைத்திருந்தும், தை மாசத்து முந்திரிப் பூவில் ரோஸ் நிறக் கோடு இருப்பதை அவள் காட்டித்தான் பார்த்தேன். காட்டுமலர்களைக் கவனித்துப் பாருங்கள் என்று அடுத்த அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறாரே, அதை அவள் தினமும் செய்துகொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக் கொல்லையில் விழுந்த அதே பலா மரத்தின் கொட்டையில் முளைத்த கன்று ஒன்று இருந்தது. அதைப் பெயர்த்து வந்து அந்தக் குழியிலேயே நட்டாள். எட்டு வருஷம் கழித்துக் காய்த்தது. நீ லீவில் வந்தபோது தின்றாயே, அந்தப் பழம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விற்பதா வேண்டாமா என்பதை நீ வந்து சொல். வைகாசியில் வா, பழம் இருக்கும். தோப்பில் ஒரு பகல் முழுக்க இருந்து பார்த்துவிட்டு என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் விற்றாலும் அந்தப் பலா நிற்கிற ஐந்து சென்ட் இடத்தை ஆயா பேருக்கு எழுதிவிட வேண்டும். இதை மட்டும் நானும் அம்மாவும் முடிவு பண்ணிவிட்டோம். பத்திரச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்.

அன்புடன்,
அப்பா