பீரோவில் இருக்கும் கல்யாண கேசட்டை இப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கல்யாண ஆல்பங்களைப் பாதுகாப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ஆல்பத்துக்கு அவ்வளவு சொன்னவர்கள், அதே பீரோவில் அதே தட்டில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கிடக்கும் வீடியோ கேசட்டைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. போட்டோ மங்கினாலும் கண்ணால் பார்த்துவிடலாம், கேசட்டை ஓட்டிப் பார்க்க டெக் வேண்டும், அந்த டெக்கை இப்போது யாரும் புதிதாகத் தயாரிப்பதில்லை. விசிஆர் என்ற அந்த டெக்கைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகளிலும் பெல்ட்டும் ரப்பர் உருளையும் இறுகிக்கொண்டே வருகின்றன. 2019-ல் யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து, காந்த நாடாவில் இருப்பதைப் பெரிய அளவில் நகலெடுக்க 2025 வரைதான் வழி இருக்கும் என்று எச்சரித்தார்கள். பெரிய காப்பகங்களுக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டு பீரோ எம்மாத்திரம்?

என் கல்யாணம் 1991-ல் கும்பகோணத்தில் நடந்தது. மூன்று மணி நேர ஈ-180 கேசட். அப்போதெல்லாம் வீடியோக்காரர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு போவார், பின்னாலேயே ஒரு பையன் கண் கூசும் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் இன்னொருவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டும் வருவார்கள், பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தில் வெளிச்சம் விழுந்ததும் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பந்தியில் என் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை இலையாகக் குனிந்து "இங்க ரசம் வரலையே, ரசம் யாரு பார்க்கறது?" என்று கேட்டுக்கொண்டே போவார். 1997-ல் அப்பா போய்விட்டார். அவர் குரல் எங்களுக்கு மிஞ்சியிருப்பது அந்த நாடாவில் மட்டும்தான்.

சில வருஷங்களுக்கு முன் அதை டிவிடி ஆக்கித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று மணி நேரத்தையும் 4.7 ஜிபி கொள்ளும் ஒரே தட்டில் அடைக்கப் பார்த்தால் நொடிக்கு மூன்றரை மெகாபிட் தகவல்தான் கிடைக்கும், அதனால் கூட்டம் அசைகிற இடத்திலெல்லாம் முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்திருந்தன, கடைசி அரைமணியில் நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து எடுத்த பிறகும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பந்தி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டார்கள்! கேட்டதற்கு, "சாப்பாட்டு சீனெல்லாம் யார் மேடம் பார்க்கப்போறாங்க, கேசட்டையும் தூக்கிப் போட்டுடுங்க, இனிமே எதுக்கு?" என்றார் அந்தத் தம்பி. நான் கேசட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் சித்தி அதே பேச்சைக் கேட்டுத் தன் கேசட்டைக் குப்பையில் போட்டார். இன்று அந்த டிவிடி எந்த பிளேயரிலும் ஓடவில்லை, சித்தப்பாவைப் பார்க்க அவருக்கு இரண்டு போட்டோதான் மிச்சம்.

அப்புறம்தான் நானே வீட்டில் செய்துபார்ப்பது என்று உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய ஆள், கம்ப்யூட்டர் படித்ததில்லை. நான் செய்கிறேன் என்றால் யாரும் செய்யலாம்.

டெக்கில் ஓடும் படத்தையும் சத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக கேப்சர் கார்டு என்ற ஒன்று வேண்டும். கார்டு என்றதும் கம்ப்யூட்டரைக் கழற்றி உள்ளே சொருகும் பலகையை நினைத்துப் பயப்பட வேண்டாம். இப்போது கிடைப்பது பெரும்பாலும் பென்டிரைவ் மாதிரி யுஎஸ்பி-யில் சொருகுவதுதான், மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் சொருக மூன்று துளை. மஞ்சளில் படம், மற்றதில் சத்தம். எனக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. வாங்கும்போது ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். கேப்சர் கார்டு என்று தேடினால் முதலில் வந்து நிற்பது எச்டிஎம்ஐ கார்டு, அது கேம் விளையாடுகிறவர்களுக்கும் டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் ஆனது, நம் டெக்கின் பின்னால் அந்தத் துளையே கிடையாது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். ஏவி ஒயரை, அதாவது அந்த மூன்று நிற ஒயரை, வாங்கிக்கொள்ளும் கார்டு வேண்டும், உங்கள் விண்டோஸில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

டெக் இல்லாதவர்கள் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் விசாரித்தால் ஒன்று கிடைக்கும். ஆனால் கிடைத்த உடனே உங்கள் கேசட்டைப் போட்டுவிடாதீர்கள், முதலில் ஏதாவது வேண்டாத கேசட்டைப் போட்டு, நாடாவைக் கடித்து இழுக்காமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கேசட்டையும் அதன் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருளின் மேல் மாவு தூவினாற்போல வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு போடுகிற எல்லா கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு விஷயம் தெரிந்தவரிடம் காட்டுவதுதான் சரி. ஹெட்டைத் துடைக்கப் பஞ்சு வைத்த குச்சி கூடவே கூடாது, நூல் சிக்கி ஹெட்டையே பெயர்த்துவிடும். வெள்ளைத் தாளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் பொருத்திய உலோக உருளையின் மேல் லேசாக ஒற்றிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையைத்தான் சுற்ற வேண்டும், தாளை மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது. கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை உடைத்துவிட்டால் தப்பித்தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. பிறகு ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே சுருளாக ஒட்டிக்கிடந்த நாடா அதில்தான் தளரும்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம். முதல் நாள் எனக்குப் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே வந்தது, கேசட் போய்விட்டது என்று அழாத குறை. விஷயம் வேறு. கார்டு அமெரிக்காவின் டிவி முறையான என்டிஎஸ்சியில் நின்றிருந்தது, நம் ஊர் கேசட் ‘பால்’ முறை, நொடிக்கு 25 படம், 576 வரி. செட்டிங்கில் பால்-பி என்று மாற்றியதும் மணவறையின் சிவப்பு வந்து நின்றது. எங்கள் டெக்கில் சத்தத்துக்கு ஒரே ஒயர்தான், அதனால் ஒரு காதில் மட்டும் கேட்டது, மோனோ என்ற கட்டத்தில் டிக் போட்டதும் சரியாயிற்று.

இன்னொன்று, கை வீசும் இடத்திலும் தலை திரும்பும் இடத்திலும் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வரும். கேசட்டில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக இருக்கிறது, ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் மறு பாதி, இரண்டுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. பழைய டிவி அதை அப்படியே மாற்றி மாற்றிக் காட்டும், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. ஓபிஎஸ்ஸில் டீஇன்டர்லேசிங் என்ற இடத்தில் யாடிஃப் 2எக்ஸ் என்று வைத்து, நொடிக்கு 50 படம் என்றும் வைத்தால் கோடு போய்விடும், அசைவும் வழவழவென்று இருக்கும். அப்பா இலைகளுக்கு நடுவே குனிந்து நிமிர்வதை அப்படிப் பார்த்தபோது, நான் அந்தப் பந்தியிலேயே நிற்பது போல இருந்தது.

சத்தமும் படமும் விலகிப்போவது, நடுநடுவே கம்ப்யூட்டர் சில படங்களைத் தவறவிடுவதால். கார்டை ஹப்பில் சொருகாமல் கம்ப்யூட்டரில் நேராகச் சொருகுங்கள், மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டு, தூங்கிவிடாதபடி வையுங்கள், பென்டிரைவில் நேராகப் பதியாமல் உள்ளே இருக்கும் டிஸ்கில் பதியுங்கள். நொடிக்கு எட்டு மெகாபிட் வைத்தேன், மூன்று மணி நேரத்துக்கு 11 ஜிபி அளவுக்கு ஆனது. தரம் கொஞ்சமும் குறையாத முறையில் பிடித்தால் மணிக்கு முப்பது ஜிபி வரை போகும், இடம் இருப்பவர்கள் அப்படியே செய்யலாம். பிறகு பென்டிரைவில் ஏற்றும்போது ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று சொன்னால் பதற வேண்டாம், ஃபேட்32 முறையில் இருக்கும் பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏற்கும். இன்றைய அகல டிவி நிறையட்டும் என்று படத்தை மட்டும் இழுத்துவிடாதீர்கள், எல்லாரும் குட்டையாகக் குண்டாகிவிடுவார்கள். முழு நகல் ஒன்று உங்கள் வீட்டிலும் இன்னொன்று உடன்பிறந்தவர் வீட்டிலும் இருக்கட்டும். அப்புறம் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், முழு நகலில் மட்டும் கை வைக்காதீர்கள். கேசட்டையும் எறியாதீர்கள்.

மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும், இதில் குறுக்கு வழி இல்லை. கடைக்காரருக்கு அது நேர விரயம், அதனால்தான் பார்க்காமலே ஓடவிடுகிறார்கள். நமக்கு அப்படியா? அடுப்பில் வேலை பார்த்துக்கொண்டே நான் ஓடவிட்ட அன்று, என் மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யார் யார் என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தார், நான் நோட்டில் மணி, நிமிஷத்தோடு எழுதிக்கொண்டேன். அவரை விட்டால் அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் கிடையாது.

தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். மாவட்ட மைய நூலகங்களில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறது. அங்கே நல்ல நிலையில் ஒரு டெக்கும் ஒரு கேப்சர் கார்டும் வைத்து, வாரத்தில் ஒருநாள் பொதுமக்கள் தங்கள் கேசட்டைத் தாங்களே பதிந்துகொள்ள விட்டால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. டெக் பழுது பார்க்கத் தெரிந்த பழைய மெக்கானிக்குகள் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள், அவர்களை அழைத்து நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்கவும் சொல்லலாம். கல்வித்துறையும் நூலகத் துறையும் இதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை என் வீட்டில் பதினேழு கேசட் பதிந்தாகிவிட்டது, என்னுடையது போக மற்றதெல்லாம் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்தவை. எதிர்வீட்டுப் பாட்டி கொண்டுவந்த 1988-ஆம் வருஷத்துக் காதுகுத்து கேசட்டில் மட்டும் பூஞ்சை இருக்கிறது. அதை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். கும்பகோணம் பக்கம் பூஞ்சை நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லி இந்தக் கடிதத்தோடு ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
கும்பகோணம்.